கல்லூரிக் கால்பந்தின் ஆள் கணக்கு: யார் வருகிறார், யார் போகிறார், யார் மிஞ்சுகிறார் – முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டிசம்பர் முதல் புதன்கிழமை வந்துவிட்டால் எல்லார் கண்ணும் ஒரே பட்டியலில்தான் இருக்கும். பள்ளி முடிக்கப்போகும் வீரர்கள் கையெழுத்திடும் நாள் அது. எந்த அணிக்கு எத்தனை ஐந்து நட்சத்திர வீரர், எத்தனை நான்கு நட்சத்திர வீரர் (பள்ளி வீரர்களின் திறமைக்குத் தரும் மதிப்புதான் இந்த நட்சத்திரம்), நாட்டில் எத்தனையாவது இடம் என்று மாலைக்குள் தரவரிசை வந்துவிடும். ரசிகர்கள் அதை வைத்து ஒரு வாரம் சண்டை போடுவார்கள். அதே நாட்களில் அதே அணியிலிருந்து மூட்டை கட்டுகிற பத்துப் பதினைந்து பேரை யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை.

அடுத்த செப்டம்பரில் அணி எப்படி ஆடும் என்பதை அந்த இரண்டாவது பட்டியல்தான் அதிகம் சொல்லும் என்பது என் கட்சி. உங்கள் அணிக்கு நீங்களே ஒரு ஸ்பிரெட்ஷீட் போட்டு, யார் மிஞ்சுவார்கள், எந்த இடத்தில் ஓட்டை விழும், அதைப் பள்ளி வீரரை வைத்து அடைப்பதா, வேறு கல்லூரியிலிருந்து கூட்டிவருவதா என்று கணக்குப் பார்ப்பது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஐபிஎல் மாதிரி ஏலமும் கிடையாது, என்.எஃப்.எல் (தொழில்முறை லீக்) மாதிரி அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராஃப்டும் கிடையாது. ஒவ்வொரு வீரரையும் பயிற்சியாளர் வீடு தேடிப் போய், அம்மா அப்பாவிடம் பேசித்தான் கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தவர் ஒரே வருடத்தில் கிளம்பினால் பிடித்து நிறுத்தவும் பெரிதாக வழியில்லை.

படி 1: மேல்வரம்பு என்ன என்று பாருங்கள்

எஃப்.பி.எஸ் எனப்படும் மேல்மட்டப் பிரிவில் 1994-லிருந்து 30 வருடம் ஒரே விதிதான் இருந்தது. ஸ்காலர்ஷிப் வாங்கும் வீரர்கள் 85 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூடவே இன்னொன்று: ஒரு வருடத்தில் புதிதாக 25 பேருக்கு மேல் ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடம் 25 பேர், நான்கு வருடத்தில் 100 பேர். இருக்கும் இடமோ 85. ஐந்தாம் வருடம் தங்குகிறவர்களையும் சேர்த்தால் 125. ஆக, 25 இடத்தையும் நிரப்பும் பயிற்சியாளர், நான்கு வருடத்தில் குறைந்தது 15 பேராவது பாதியில் போய்விடுவார்கள் என்று எண்ணித்தான் கையெழுத்தே வாங்கினார். ஆள் உதிர்வது அந்த விதிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

சிலர் இதை ரொம்பவே இழுத்தார்கள். 2009-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் ஒரே தடவையில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்துத்தான் எஸ்.இ.சி கூட்டமைப்பு 28 என்று வரம்பு போட்டது, 2011-ல் அதையும் 25 ஆக்கியது. கூடுதலாக வாங்கிய கையெழுத்துகள் எங்கே போகும்? சிலருக்கு மதிப்பெண் போதாது, சேரவே முடியாது. சிலரை அடுத்த ஜனவரியில் வரச் சொல்வார்கள், கிரேஷர்ட் என்பது இதுதான். இன்னும் சிலருக்கு மருத்துவக் காரணம் சொல்லி ஸ்காலர்ஷிப்பைக் கணக்குக்கு வெளியே மாற்றுவார்கள். அவர் படிக்கலாம், ஆட முடியாது. நிஜமாகவே காயம்பட்டவர்கள் இதில் உண்டு. ஆகஸ்டில் 86-வது ஆளாக நின்றதால் முழங்கால் திடீரென்று மோசமானவர்களும் உண்டு என்று அந்தக் காலத்தில் பேச்சு இருந்தது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. 25 என்ற வருட வரம்பு முதலில் தற்காலிகமாக எடுக்கப்பட்டு, பிறகு 2023-ல் நிரந்தரமாகவே போய்விட்டது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த, வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பே இல்லை. அதற்குப் பதில் அணியில் மொத்தமே 105 பேர். கேட்கத் தாராளமாகத் தெரியும், ஆனால் முன்பு 85 பேரோடு ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன் வீரர்களும் சேர்ந்து பல அணிகளில் 120-க்கு மேல் இருந்தார்கள். அடிபட்டது அவர்கள்தான். இந்த வரம்பால் வெட்டப்பட்டவர்களை மட்டும் கணக்கில் சேர்க்காமல் ஆடவிடலாம் என்று ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அணிப் பட்டியலில் 105-க்கு மேல் பெயர் தெரிந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

இங்கே ஒரு சின்னச் சூத்திரம் மனதில் இருக்கட்டும். மொத்த ஆட்கள் = வருடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் × ஒருவர் சராசரியாகத் தங்கும் வருடங்கள். சராசரியாக மூன்று வருடம் தங்கினால் 105 பேருக்கு வருடம் 35 புதியவர்கள் வேண்டும். அது இரண்டரை வருடமானால் 42 பேர். அரை வருடக் குறைவுக்கு ஏழு புது முகங்கள். அந்த ஏழு பேருக்கும் ஆட்டத் திட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படி 2: கட்டம் போடுங்கள்

ஸ்பிரெட்ஷீட்டில் இடதுபக்கம் ஆடும் இடங்கள்: குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), டைட் எண்ட், அஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை), டிஃபென்சிவ் லைன் (எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை), லைன்பேக்கர், கார்னரும் சேஃப்டியும் (தடுப்பின் பின்வரிசை), கடைசியில் உதைப்பவர்கள். மேலே நான்கு பத்திகள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று தலைப்புப் போடாதீர்கள். இன்னும் எத்தனை சீசன் ஆடலாம் என்று போடுங்கள்: 1, 2, 3, 4.

ஒருவருக்கு ஐந்து வருடக் காலத்துக்குள் நான்கு சீசன் ஆட அனுமதி. ஒரு வருடம் ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்தால் அது ரெட்ஷர்ட் வருடம். 2018-லிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் கெடாது. எனவே படிப்பில் மூன்றாம் ஆண்டு என்று போட்டிருக்கும் ஒருவருக்கு ஆட்டத்தில் இன்னும் இரண்டு சீசனோ, மூன்றோ பாக்கி இருக்கலாம். அணியின் இணையதளம் இதைச் சரியாகச் சொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். எத்தனை ஆட்டம் ஆடினார் என்று புள்ளிவிவரப் பக்கத்தில் பார்த்து எழுதுங்கள். ஜூனியர் கல்லூரி (இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி) வழியாக வந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கிய பிறகு, ஜூனியர் கல்லூரி வருடங்களைக் கணக்கில் சேர்ப்பதா என்பது வழக்கு விவகாரமாகிவிட்டது.

எந்த இடத்துக்கு எத்தனை பேர்? அணிக்கு அணி மாறும். பழைய 85 கணக்கில் குவார்ட்டர்பேக் நான்கு, அஃபென்சிவ் லைனில் பதினைந்து, டிஃபென்சிவ் லைனில் பதினைந்து, பின்வரிசையில் பதினைந்து என்பது சுமாரான அளவு. 105-ல் அஃபென்சிவ் லைனுக்குப் பதினெட்டு வரை போகலாம்.

அந்த லைன் வரிசையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். களத்தில் நிற்பது ஐந்து பேர். ஆனால் 18 வயதில் வரும் ஒரு பையன் 125 கிலோவிலிருந்து 140 கிலோவுக்கு நல்ல உடம்பாக ஏற இரண்டு வருடமாகும். பதினெட்டுப் பெயர் இருந்தாலும் இந்த வருடம் இறக்கிவிடக்கூடியவர்கள் எட்டோ ஒன்பதோதான். அந்த எட்டில் ஐந்து பேர் "1" என்ற பத்தியில் இருந்தால் அடுத்த வருடம் அணி கதை முடிந்தது என்று அர்த்தம், தரவரிசை என்ன சொன்னாலும் சரி. ரிசீவர் இடத்தில் முதல் வருடப் பையன் வந்து ஐம்பது பந்து பிடிப்பதைப் பார்க்கிறோம். லைனில் அப்படி நடப்பது அபூர்வம்.

படி 3: யார் போவார்கள் என்று நிறம் தீட்டுங்கள்

மூன்று நிறம் போதும். நிச்சயம் போகிறவர், அநேகமாகப் போகிறவர், போகலாம்.

நிச்சயம் என்பது ஆட்ட வருடம் முடிந்தவர்கள். "1" பத்தி மொத்தமும். காயத்தால் ஆட்டத்தை நிறுத்தியவர்களும் இதில் சேர்த்தி.

அநேகமாக என்பதில் முதலில் என்.எஃப்.எல். பள்ளி முடித்து மூன்று வருடமானவர் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம். ஜனவரி நடுவில் அதற்குக் கெடு. முதல் இரண்டு சுற்றில் எடுக்கப்படுவார் என்று பேசப்படுகிறவர் போய்விடுவார் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது, ஐந்தாவது சுற்று ஆட்கள்தான் முன்பு தடுமாறுவார்கள். இப்போது கல்லூரியிலேயே நல்ல பணம் கிடைப்பதால் அவர்களில் நிறையப் பேர் தங்குகிறார்கள்.

"போகலாம்" என்ற மூன்றாவது நிறம்தான் தலைவலி. அதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் இணையப் பட்டியல்.

போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். அந்தப் பயமே பலரைக் கட்டிப்போட்டிருந்தது. 2021 ஏப்ரலில் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். அதே வருடம் ஜூலை 1-லிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இந்தத் தேதிகள் தெரியாமல் 2015-ல் ஓர் அணி எத்தனை பேரை இழந்தது என்பதோடு இன்றைய எண்ணிக்கையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

யார் கிளம்புவார் என்று ஊகிக்க நான் பார்ப்பவை சில. இரண்டு வருடம் முடித்தும் மாற்று வீரராகவே இருந்து, தனக்கு முன்னால் நிற்பவர் இன்னும் ஒரு வருடம் தங்கப் போகிறார் என்றால், அவர் போவார். தன் இடத்துக்கு ஜனவரி தொடக்கத்தில் ஒருவர் போர்ட்டல் வழியாக வந்துவிட்டால், அவர் போவார். தன்னைச் சேர்த்த உதவிப் பயிற்சியாளர் வேறு ஊருக்கு மாறினால், பாதி வாய்ப்பு. சீசன் நடுவில் நான்காவது ஆட்டத்தோடு "இந்த வருடம் ரெட்ஷர்ட் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு மூத்த வீரர் அறிவித்தால், பெட்டி கட்டியாயிற்று என்று அர்த்தம். 2024 செப்டம்பரில் யு.என்.எல்.வி அணி மூன்று ஆட்டமும் ஜெயித்திருந்த நிலையில் அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா பணத் தகராறில் அப்படித்தான் விலகினார்.

எல்லா விலகலும் நஷ்டமல்ல. நான்காவது வரிசை ரிசீவர் ஒருவர் சின்னக் கல்லூரிக்குப் போய் ஆடுவது அவருக்கும் நல்லது, 105-ல் ஓர் இடமும் காலி. "பதினெட்டுப் பேர் போர்ட்டலில்!" என்று தலைப்பு வந்தால் பதற வேண்டாம். அவர்கள் போன சீசனில் களத்தில் எத்தனை ஆட்டத்துண்டு (ஸ்னாப்) ஆடினார்கள் என்று கூட்டிப் பாருங்கள். பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஆடியது, போன ஒற்றைக் கார்னர் ஆடியதைவிடக் குறைவாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

படி 4: குவார்ட்டர்பேக் அறையைத் தனியாகப் பாருங்கள்

மற்ற இடங்களில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஆடலாம். இங்கே ஒருவர்தான். மீதி மூன்று பேரும் காத்திருப்பவர்கள். அதனால் விலகல் எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் துல்லியமாகத் தெரியும்.

ஜார்ஜியா வருடத்துக்கு ஒருவர் என்று சேர்த்தது. கார்சன் பெக் 2020-ல், ஐந்து நட்சத்திர வீரர் பிராக் வாண்டகிரிஃப் 2021-ல், கன்னர் ஸ்டாக்டன் 2022-ல். ஆனால் 2021-லும் 2022-லும் பட்டம் வாங்கித் தந்தவர் ஸ்டெட்சன் பென்னட். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாக வந்து, ஜூனியர் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்தவர். 2023-ல் பெக்குக்கு இடம் கிடைத்தது. அந்த டிசம்பரில் வாண்டகிரிஃப் கென்டக்கிக்குக் கிளம்பினார், பெக் 2024-க்கும் தங்கினார். ஸ்டாக்டன் கிளம்பவில்லை. 2024 டிசம்பரில் எஸ்.இ.சி இறுதி ஆட்டத்தில் பெக்குக்குக் கை முழங்கையில் அடிபட்டது. இரண்டாம் பாதியில் இறங்கி ஆடியவர் ஸ்டாக்டன். பெக் மயாமிக்குப் போனார், 2025-ல் ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டாக்டன்தான்.

மூன்று பேரைச் சேர்த்தார்கள், ஒருவர் முதல் வரிசையில் ஆடாமலே போனார், ஒருவர் ஆடிவிட்டுப் போனார், ஒருவர் காத்திருந்தார். இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. வருடம் ஒருவரைச் சேர்த்தால்தான், இருவர் போனாலும் ஒருவர் மிஞ்சுவார்.

மயாமி வேறு வழி பிடித்தது. 2024-க்கு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து கேம் வார்ட், 2025-க்கு ஜார்ஜியாவிலிருந்து இதே பெக். இரண்டு வருடமும் விலைக்கு வாங்கிய ஆள், இரண்டு வருடமும் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் பூஜ்யத்திலிருந்து தேட வேண்டும், அந்த வருடம் சந்தையில் நல்ல ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான். எனக்கு ஜார்ஜியா வழிதான் பிடிக்கும், பணம் இருக்கிறவர்களுக்கு மயாமி வழி.

படி 5: முதலில் இருப்பவர்களைத் தக்கவையுங்கள்

ஹவுஸ் சமரசப்படி 2025-26 வருடத்துக்கு ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகத் தரக்கூடிய தொகை சுமார் 2.05 கோடி டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இவ்வளவு. பெரிய கல்லூரிகள் பலவும் இதில் முக்கால் பங்கு அளவுக்குக் கால்பந்துக்கு ஒதுக்குகின்றன. இதற்கு வெளியே விளம்பர வருமானம் தனி.

இந்தப் பணத்தை முதலில் யாருக்குச் செலவழிப்பது? புது ஆளைக் கூட்டிவருவதில் ஒரு பரபரப்பு உண்டு, ரசிகர்களுக்கும் கொண்டாட்டம். ஆனால் 2024 ஒஹையோ ஸ்டேட் அணியைப் பாருங்கள். 2023 சீசன் முடிந்ததும் ஜாக் சாயர், ஜே.டி. துயிமோலோவாவு, எமெக்கா எக்புகா, ட்ரெவியான் ஹெண்டர்சன், டென்சல் பர்க் என்று டிராஃப்டுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு கூட்டமே தங்கிவிட்டது. அதன் மேல்தான் வெளியாட்களை வைத்தார்கள்: கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் வில் ஹாவர்ட், மிசிசிப்பியிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து சேஃப்டி கேலப் டவுன்ஸ். 2025 ஜனவரி 20-ல் நோட்டர்டேமை 34-23 என்று வென்று பட்டம். அந்த ஏப்ரலில் 14 பேர் டிராஃப்டில் போனார்கள்.

வெளியிலிருந்து வந்து முதல் வரிசையில் ஆடியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பெயர் பெரிதாக இருந்ததால் அவர்களைப் பற்றித்தான் பேசினோம்.

உங்கள் கட்டத்தில் இதைச் செய்வது சுலபம். தக்கவைக்க வேண்டிய பத்துப் பேருக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். அந்தப் பத்தில் யார் டிசம்பருக்கு முன்னால் "அடுத்த வருடமும் இங்கேதான்" என்று அறிவித்திருக்கிறார் என்று பாருங்கள். ஜனவரி 2-ஆம் தேதி வரை வாய் திறக்காதவர் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

படி 6: பள்ளி வீரர்களை எத்தனை பேர் எடுப்பது

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 105 பேரில் ஆட்ட வருடம் முடிந்தவர்கள் 20, டிராஃப்டுக்கு 4, காயம் 2, போர்ட்டலுக்கு 18 என்று வைத்தால் போகிறவர்கள் 44. மிச்சம் 61. இந்த 44 இடத்தில் பள்ளியிலிருந்து 22, போர்ட்டலில் 17, வாக்-ஆன் 5 என்று பிரிக்கலாம். இன்றைக்கு இது சாதாரணமான பிரிப்புதான்.

பள்ளி வீரர்களின் எண்ணிக்கையை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. லைன் இரண்டிலும் குறைக்கவே கூடாது. தேர்ந்த, உடம்பு வளர்ந்த லைன் ஆட்களை யாரும் சும்மா விடமாட்டார்கள். போர்ட்டலுக்கு வருகிறவர்களில் நல்லவர்கள் குறைவு, விலையோ அதிகம். வருடம் நான்கைந்து பேரைப் பள்ளியிலிருந்து எடுத்தால், மூன்றாம் வருடத்தில் அதில் இருவர் மூவர் தேறுவார்கள். ரன்னிங் பேக், ரிசீவர், கார்னர் இடங்களில் கொஞ்சம் குறைத்துப் போர்ட்டலை நம்பலாம்.

வாய்மொழிச் சம்மதத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். டிசம்பர் கையெழுத்துக்குப் பிறகு எழுதுங்கள்.

படி 7: போர்ட்டலில் என்ன வாங்குவது

இதில் இரண்டு அணிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

கொலராடோ 2022-ல் ஓர் ஆட்டம் வென்று 11 தோற்றது. டிசம்பரில் பயிற்சியாளராக வந்த டியான் சாண்டர்ஸ் முதல் கூட்டத்திலேயே வீரர்களைப் பார்த்து, போர்ட்டலுக்குப் போகிறவர்கள் போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஸ்காலர்ஷிப் வீரர்களில் பழையவர்கள் பத்துப் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். 2023-ல் கொலராடோவுக்கு நாடே திரும்பிப் பார்த்த தொடக்கம், முடிவில் 4 வெற்றி, 8 தோல்வி. ட்ராவிஸ் ஹண்டர் இருந்தார், குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் இருந்தார், ஆனால் ஷெடூருக்கு முன்னால் நிற்க லைன் இல்லை. நாட்டிலேயே அதிகம் தரையில் சாய்க்கப்பட்ட குவார்ட்டர்பேக்குகளில் அவர் ஒருவர். படி 2-ல் சொன்ன லைன் கணக்கு இதுதான்.

இண்டியானா 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. பயிற்சியாளர் கர்ட் சிக்நெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்போது தன் பழைய அணி வீரர்கள் 13 பேரைக் கூடவே கொண்டுவந்தார். நட்சத்திரம் குறைவானவர்கள், ஆனால் இரண்டு மூன்று வருடம் ஆடிக் காட்டியவர்கள், அவருடைய திட்டம் மனப்பாடமானவர்கள். முதல் வருடமே 11-2. ஏய்டன் ஃபிஷர், டி ஆஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட் போன்றவர்கள் இரண்டாம் வருடமும் தங்கினார்கள். 2025-க்குக் கலிஃபோர்னியாவிலிருந்து குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார், அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், அணி 16-0 என்று தேசியப் பட்டமும் வாங்கியது.

இரண்டு பேரும் போர்ட்டலைத்தான் நம்பினார்கள். சிக்நெட்டி தேடியது ஏற்கெனவே ஆடியவர்களை, அதுவும் தன் முறையில் ஆடியவர்களை. எனவே உங்கள் அணி ஒருவரைக் கூட்டிவந்தால் பள்ளிக்கால நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். போன சீசனில் எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினார், எத்தனை வருடம் பாக்கி, இங்கே இருக்கும் பயிற்சியாளர்களில் யாராவது அவரை முன்பே அறிந்தவரா என்று பாருங்கள். சின்னக் கல்லூரிதானே என்று ஒதுக்கவும் வேண்டாம். மிசிசிப்பி 2025-ல் மாற்று வீரராகக் கூட்டிவந்த ட்ரினிடாட் சாம்ப்ளிஸ், இரண்டாம் டிவிஷனில் இருக்கும் ஃபெரிஸ் ஸ்டேட்டில் பட்டம் வென்றவர். முதல் குவார்ட்டர்பேக்குக்குக் காயம்பட்டதும் இறங்கியவர் அணியைத் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார்.

நேரமும் முக்கியம். முன்பு டிசம்பரிலும் ஏப்ரலிலும் என்று இரண்டு தடவை போர்ட்டல் திறந்தது. 2025 ஏப்ரலில் டென்னசி குவார்ட்டர்பேக் நிக்கோ இயமலியாவா பணப் பேச்சு முறிந்து யு.சி.எல்.ஏ-வுக்குப் போக, அங்கே சேர்ந்து சில மாதமே ஆன ஜோயி அகிலார் டென்னசிக்கு வந்தார். இரண்டு அணிகளும் ஆளை மாற்றிக்கொண்டதுபோல ஆயிற்று. 2026-லிருந்து ஒரே ஜன்னல், ஜனவரி 2 முதல் 16 வரை. வசந்தகாலப் பயிற்சியில் ஓட்டை தெரிந்தால் அடைக்க வழியில்லை. ஆகவே ஜனவரியிலேயே ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஆள் கூடுதலாக வாங்குகிற அணிதான் விவரமானது.

படி 8: பயிற்சியாளர் மாறினால் கட்டத்தை அழித்து எழுதுங்கள்

2024 ஜனவரி 10-ல் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். சில நாட்களில் கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார். புதிய பயிற்சியாளர் வந்தால் அந்த அணி வீரர்களுக்கு மட்டும் தனி ஜன்னல் உண்டு. முன்பு 30 நாள், இப்போது புதியவரை நியமித்து ஐந்து நாள் கழித்து 15 நாள். அந்தக் காலம் முடியும்வரை "போகலாம்" நிறத்தை மொத்த அணிக்கும் தீட்டிவையுங்கள். வருகிறவருடைய பழைய அணிப் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் புது ஆட்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருவார்கள்.

படி 9: மூன்று வருடம் கழித்து திறந்து பாருங்கள்

டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-ல் சேர்த்த கூட்டம், தரவரிசைகள் தொடங்கிய நாளிலிருந்து எந்த அணிக்கும் கிடைக்காத அளவுக்கு மதிப்பெண் வாங்கியது. ஐந்து நட்சத்திரக்காரர்கள் கை நிறைய. அந்த வருடம் அணி 5-7. அடுத்த வருடம் நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் ரிசீவர் எவன் ஸ்டூவர்ட் ஆரெகனுக்கு, வால்டர் நோலன் மிசிசிப்பிக்கு, எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கு, குவார்ட்டர்பேக் கானர் வைக்மன் ஹூஸ்டனுக்கு என்று பிரிந்தார்கள். ஷெமார் ஸ்டூவர்ட் தங்கினார். 2025 டிராஃப்டில் நோலன் 16-வது, ஷெமார் 17-வது. ஆளைத் தேர்ந்தெடுத்ததில் கண் தப்பவில்லை, வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

உங்கள் அணியின் பழைய டிசம்பர் பட்டியல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நான்கில் ஒரு குறி போடுங்கள்: இங்கே முதல் வரிசையில் ஆடினார், இங்கே இருந்தார் ஆனால் ஆடவில்லை, வேறு எங்கோ போய் நன்றாக ஆடினார், காணாமல் போனார். நான்காவது குறி அதிகமென்றால் தேர்வில் கோளாறு. மூன்றாவது அதிகமென்றால் ஆளைத் தக்கவைப்பதில் கோளாறு. அதற்கு அடுத்த டிசம்பரில் எத்தனை நட்சத்திரம் வந்தாலும், ஜனவரி 16-ஆம் தேதி வரை படி 3-ன் நிறங்களை அழிக்க வேண்டாம்.